அப்பாவின் நாக்கில் சிறுகுறிஞ்சான்

சிறுகுறிஞ்சான் இலையை நான் முதன்முதலில் மென்றது காலேஜ் ஹாஸ்டலில், ஒரு பந்தயத்துக்காக. கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ரூம்மேட் ஒருத்தி, லீவு முடிந்து வரும்போது பாலித்தீன் பையில் நாலு கொடி சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். அவள் ஊரில் அது வேலியோரம் சும்மா ஏறிக் கிடக்குமாம்.

"ரெண்டு எலைய நல்லா மென்னு. நாக்குல பூராம் படணும். அப்பறம் சீனியத் தின்னு பாரு" என்றாள்.

மென்றேன். கசப்பு. துப்பிவிட்டு ஒரு கை சீனியை அள்ளி வாயில் போட்டேன். பல்லில் நறநறவென்று அரைபட்டதே தவிர இனிப்பு துளிகூட இல்லை. ஆற்று மணல் மாதிரி இருந்தது. சாக்லேட்டைக் கடித்தேன், மெழுகுவத்தி மாதிரி இருந்தது. ரூமில் இருந்த நாலு பேரும் மென்றுவிட்டு ஆளாளுக்கு ஒரு முகம் காட்டினோம். அரை மணி நேரம் கழித்து நாக்கு திரும்ப வந்தது. எனக்கு அது ஒரு மேஜிக்.

நான் பயோகெமிஸ்ட்ரி. அதனால் அந்த மேஜிக்கை அப்படியே விட முடியவில்லை. போய்ப் படித்தேன். இலையில் இருக்கிற ஒரு அமிலம் நாக்கில் இனிப்பை உணர்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, சீனி வந்தால் அதற்கு இடம் கிடையாது. வயிற்றுக்குள் போனால் சர்க்கரை உடம்பில் ஏறுவதையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும், இன்சுலின் சுரக்கவும் உதவலாம் என்று போட்டிருந்தது. ஆயுர்வேதத்திலும் சித்த வைத்தியத்திலும் காலங்காலமாக நீரிழிவுக்குக் கொடுக்கிற மூலிகை. அதற்கு இன்னொரு பெயரே சர்க்கரைக்கொல்லி. அதே பக்கத்தில் கீழே இன்னும் நாலு வரி இருந்தது. நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனம், சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம், கர்ப்பிணிகள் வேண்டாம், ஆபரேஷனுக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்று. அந்த நாலு வரியை நான் படித்தேன். பரீட்சைக்கு வராது என்று தாண்டிப் போய்விட்டேன்.

இப்போது அப்பாவுக்கு வருகிறேன்.

அப்பா பரவை மார்க்கெட் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். அம்மா அதே கடையில் வடை போடுவார். காய்கறி லோடு இறங்குகிற நேரத்தில் கிளாஸ் கிளாஸாகச் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. அதனால் அப்பா பால் சட்டியிலேயே சீனியைக் கொட்டிக் கலக்கி, கரண்டியில் ஒரு மடக்கு எடுத்துக் குடித்துப் பார்ப்பார். நாக்கைச் சப்புக் கொட்டுவார். சரி என்றால் ஊற்ற ஆரம்பிப்பார். அளவு டம்ளர் எல்லாம் கிடையாது. அவர் நாக்குதான் அளவு. ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு மடக்கு, அது போக வாடிக்கையாளரோடு பேச்சுக்குப் பேச்சு அரை டீ. அவருக்கு சுகர் வந்ததில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, ராத்திரி ஒன்று. அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போட்டார், டீயையும் ஒழுங்காகக் குடித்தார். சுகர் இருநூறுக்குக் கீழே இறங்கவே இல்லை.

நான் அப்போது மெடிக்கல் கோடிங் வேலையில் சேர்ந்து ஆறு மாதம். வீட்டிலிருந்தே வேலை. அமெரிக்காவில் யாருக்கோ என்னவோ நோய் வந்தால், டாக்டர் எழுதினதைப் படித்து அதற்கு எந்த எண் என்று நான் பரவையில் உட்கார்ந்து போடுவேன். அப்பா இதைக் கடையில் சொல்லும்போது "எம் மக மெடிக்கல்ல இருக்கு" என்று முடித்துவிடுவார். கேட்கிறவர்கள் என்னை அரை டாக்டர் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் ஒருநாளும் திருத்தவில்லை. கெத்தாகத்தான் இருந்தது.

அப்பாவை கிளினிக்குக் கூட்டிப்போனபோது டாக்டரிடமும் அதே கெத்தைக் காட்டினேன். எங்கள் ஏரியா கிளினிக் டாக்டர் ஒரு அம்மா, நாற்பது வயது இருக்கும். பேசவே நேரமில்லாத ஆள். நான் ரிப்போர்ட்டைப் பார்த்து நாலு வார்த்தை இங்கிலீஷில் எடுத்துவிட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன படிச்சிருக்கம்மா?"

"பயோகெமிஸ்ட்ரி மேடம். கோடிங்ல இருக்கேன்."

"அப்ப நல்லது. அப்பாவ நீயே பாத்துக்கலாம். ஒங்களுக்கென்னங்க, வீட்லயே ஆள் இருக்கு" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்கப்புறம்தான் எனக்கு அந்த ஹாஸ்டல் மேஜிக் ஞாபகம் வந்தது. அப்பாவுடைய பிரச்சினை நாக்கு. நாக்கை ஆஃப் பண்ணிவிட்டால் டீ மேல் இருக்கிற ஆசை போய்விடும், சுகரும் இறங்கும். ஒரே கல்லில் ரெண்டு. எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடையில் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். சிறுகுறிஞ்சான் பொடி கால் கிலோ என்றதும் தராசில் கை வைக்காமல் கேட்டார்.

"யாருக்கும்மா?"

"எங்கப்பாவுக்கு. சுகரு."

"மாத்திர சாப்புடுறாரா?"

"ஆமா."

"அப்ப கால் கிலோ எதுக்கு? அம்பது கிராம் வாங்கிட்டுப் போ. டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்க. மாத்திரயோட சேந்தா சுகர் தடால்னு விழுந்துரும்மா. அரை ஸ்பூனுக்கு மேல வேணாம், சுகரப் பாத்துப் பாத்துக் குடு."

"எனக்குத் தெரியும்ண்ணே. நான் அதுதான் படிச்சிருக்கேன்."

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். "படிச்ச பிள்ள, ஒனக்குத் தெரியாததா" என்று சொல்லிக்கொண்டே கால் கிலோ நிறுத்துக் கட்டினார். எனக்கு அதில் இருந்த குத்தல் அப்போது ஏறவே இல்லை.

பொடியை ரெண்டு பாட்டிலில் கொட்டினேன். ஒன்று வீட்டுக்கு, ஒன்று கடைக்கு. கடை பாட்டில் பழைய சுக்குப் பாட்டில், அந்த லேபிளைக்கூடக் கிழிக்கவில்லை. அப்பாவிடம் டெமோ காட்டினேன். அரை ஸ்பூன் பொடியை நாக்கில் போட்டு நன்றாகத் தேய்த்து, அப்புறம் வெந்நீர் குடித்து இறக்க வேண்டும். அதற்கப்புறம் சீனியை வாயில் போட்டுக்கொடுத்தேன். அப்பா மென்றார். கண்ணை விரித்தார்.

"ஆத்தி, மண்ணு மாதிரில்ல இருக்கு."

"இருக்கும்ல. இனிமே டீ ஒனக்கு டீயே இல்ல."

"எம் பொழப்பே அதான தாயி" என்று சிரித்தார்.

அவர் சிரித்துக்கொண்டு சொன்னது மறுநாளே நடந்தது. காலையில் கடை திறக்கும்போது பொடியைப் போட்டுக்கொண்டு, பால் சட்டியில் சீனியைக் கொட்டி, ஒரு மடக்கு குடித்துப் பார்த்திருக்கிறார். சப்பென்று இருந்திருக்கிறது. இன்னும் ஒரு கை கொட்டியிருக்கிறார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற மாமா ஒருத்தர், எங்களுக்குச் சொந்தம் கிடையாது, ஆனால் அப்பாவை மாப்ள என்றுதான் கூப்பிடுவார், முதல் கிளாஸை வாங்கிக் குடித்துவிட்டு கிளாஸையே உற்றுப் பார்த்தாராம்.

"ஏன் மாப்ள, இது டீயா பாயாசமா? முந்திரி போட மறந்துட்டியா?"

அம்மா இதை வீட்டில் வந்து சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பொடி வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏண்டி, அந்த மனுசன் நாக்க வச்சுத்தான் நாம சோறு திங்கிறோம். அதப் போயி அவிச்சு விட்டுருக்க" என்றார். மறுநாளிலிருந்து சீனியை அம்மாவே டம்ளரில் அளந்து கொட்டினார். பாயாசம் நின்றது.

சுகர் இறங்கியது. வீட்டில் வாங்கி வைத்திருந்த மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் வாரத்துக்கு வாரம் குறைந்தது. நான் அந்த மெஷினைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். "மாத்திரையால் முடியாததை இலை முடித்தது" என்று ஒரு வரி வேறு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கேட்டார்கள், நான் கிளாஸ் எடுத்தேன். அரை ஸ்பூனை ஒரு ஸ்பூன் ஆக்கினேன். அப்புறம் காலையில் ஒன்று, பதினொரு மணி வாக்கில் கடையில் ஒன்று என்று ஆக்கினேன். மாத்திரையைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. கேட்டால் பொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் யாருமே டாக்டரிடம் நாட்டு மருந்தைச் சொல்ல மாட்டார்கள். திட்டுவார்கள் என்று பயம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்று அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அது முகூர்த்தத்துக்கு முந்தின நாள். மார்க்கெட்டில் நிற்க இடமில்லை. நான் வீட்டில் லாப்டாப் முன்னால் இருந்தேன். பதினொன்றரைக்கு அம்மா போன் பண்ணினார்.

"ஒடனே வா. ஒங்கப்பா ஒரு மாதிரியாப் பேசுறாரு. கிளாசுக்கு வெளியில டீய ஊத்துறாரு."

ஸ்கூட்டியில் அஞ்சு நிமிஷம். நான் போனபோது அப்பாவை பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த மூட்டை தூக்கும் மாமா ஒரு தக்காளிப் பெட்டி அட்டையை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்.

"மொதல்ல சடைச்சுச் சடைச்சுப் பேசுனான் தாயி. ஒரு பயலப் புடிச்சுத் தள்ளிவிட்டான். காலையிலயே ஊத்திட்டான் போலன்னு நாங்கூட நெனச்சேன்" என்றார்.

அப்பா தண்ணி போடுகிற ஆளே இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சுற்றி நின்றவர்கள் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். யார் என்று கண்டுபிடிக்க அவருக்கு ரெண்டு நொடி ஆயிற்று. அந்த ரெண்டு நொடி இன்னும் எனக்குள் அப்படியே நிற்கிறது.

"காலையில சாப்ட்டாராம்மா?"

"எங்க சாப்ட்டாரு. மாத்திரயப் போட்டாரு, ஒம் பொடியையும் போட்டாரு. கூட்டம் வந்துருச்சு. இட்லி அப்படியே கெடக்கு. இப்பத்தான் ரெண்டாவது தடவ பொடியப் போட்டாரு."

சுகர் இறங்கிவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. மருந்தால் சர்க்கரை இறங்குவதற்கு என்ன எண் போட வேண்டும் என்று அந்த வாரம்கூட மூன்று கேஸில் போட்டிருக்கிறேன். வேர்வை, நடுக்கம், குழப்பம், கோபம். வரிசையாக மனப்பாடம்.

அம்மா ஏற்கெனவே ஒரு கிளாஸ் தண்ணீரில் சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கி வைத்திருந்தார். அப்பா வாயில் வைத்ததும் துப்பினார்.

"என்னடி குடுக்குற, சுண்ணாம்புத் தண்ணியா?"

மறுபடி கொடுத்தார். அப்பா கையால் தட்டிவிட்டார். கிளாஸ் உருண்டது. "மண்ணக் கரைச்சுக் குடுக்குறாங்கப்பா" என்று மாமாவிடம் புகார் சொன்னார், சின்னப்பிள்ளை மாதிரி. பல்லை இறுக்கிக்கொண்டார். உயிரைக் காப்பாற்றப்போகிற ஒரே சாமான் சீனி. அது சீனி என்று அவர் நாக்குக்குத் தெரியாமல் நான் பண்ணி வைத்திருந்தேன். சுற்றி சீனி மூட்டைக்கு நடுவில் அப்பா உட்கார்ந்திருக்கிறார், ஒரு வாய் உள்ளே போகமாட்டேன் என்கிறது.

நான் இன்னொரு கிளாஸ் கலக்கினேன். அவர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "யப்பா, இது நான் கொண்டாந்த மருந்து. கசக்கும். குடிச்சிரு" என்றேன்.

உடனே வாயைத் திறந்தார். மடமடவென்று முழுக்கக் குடித்தார். நான் கொடுக்கிற மருந்து என்றால் குடித்துவிடுவார். ரெண்டாவது கிளாஸையும் குடித்தார். பத்து, பதினைந்து நிமிஷத்தில் கண் தெளிந்தது. "கூட்டம் போயிருச்சா?" என்றுதான் முதலில் கேட்டார்.

லோடு ஆட்டோவில் ஏற்றி கிளினிக்குக் கொண்டுபோனோம். அவ்வளவு சீனிக்கு அப்புறமும் மெஷின் அறுபதுதான் காட்டியது. டாக்டர் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"மாத்திர ரெண்டா போட்டாரா?"

"இல்ல மேடம், ஒண்ணுதான்."

"நாட்டு மருந்து எதுவும் எடுக்குறாரா? கஷாயம், பொடி, லேகியம்?"

நேராக என்னைப் பார்த்துத்தான் கேட்டார். வீட்டிலேயே ஆள் இருக்கு என்று சொன்ன அதே டாக்டர். ஒரு வார்த்தை போதும். வாயில் வந்தது வேறு வார்த்தை.

"இல்ல மேடம்."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். அப்பா படுக்கையில் இருந்து மெதுவாகச் சொன்னார்: "நாந்தான் மேடம், சாப்புடாம மாத்திரயப் போட்டுட்டேன். கடையில கூட்டம்."

டாக்டர் பிடித்துக்கொண்டார். வயசான ஆளுக்கு இதுகூடவா தெரியாது, இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும், மாத்திரை போட்டால் பதினைந்து இருபது நிமிஷத்தில் சாப்பிட வேண்டும் என்று எத்தனை தடவை சொல்வது. நியாயமான திட்டுதான். ஆள்தான் தப்பு. அப்பா தலையாட்டிக்கொண்டே படுத்திருந்தார். அவர் நோட்டில் டாக்டர் அதையே எழுதினார். காலை மாத்திரையைப் பாதியாக்கினார். நான் பக்கத்தில் நின்று, தெரிந்த ஆள் மாதிரி, "ஓகே மேடம்" என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை எடுத்துக் கழிவறையில் கொட்டினேன். அப்பாவிடம், "பொடி வேணாம்ப்பா, விட்டுரு" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. "சரித்தா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அம்மா ரெண்டு வாரம் அவரைச் சாப்பாட்டு நேரத்துக்கு வறுத்தெடுத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அந்த வசதியைக்கூட அவர் எனக்குக் கொடுக்கவில்லை. ஸ்டேட்டஸ் மட்டும் இருபத்து நாலு மணி நேரத்தில் தானாகவே அழிந்துபோயிருந்தது. அதைப் பார்த்துவிட்டு யார் வீட்டில் யாருக்குப் பொடி கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த மாசம் செக்கப்புக்குப் போனோம். பொடி இல்லை, மாத்திரை பாதி. சுகர் ஏறியிருந்தது. டாக்டருக்கு அது புரியவில்லை. எப்படிப் புரியும், கணக்கில் ஒரு உருப்படியையே நான் காட்டவில்லையே. மறுபடி முழு மாத்திரை எழுதினார்.

"இந்தத் தடவையும் கொறையலைன்னா ஊசிதாங்க. பாத்துக்கங்க" என்றார்.

அப்பாவுக்கு ஊசி என்றால் பயம். மெஷினில் விரலைக் குத்தும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வார். வருகிற வழியில் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து, ஊசி வலிக்குமா என்று ரெண்டு தடவை கேட்டார்.

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். சனிக்கிழமை, எனக்கு லீவு. காலையில் கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தேன். அம்மா வடைக்கு மாவு ஆட்ட வீட்டுக்குப் போயிருந்தார். ரெண்டு நாளாக அம்மாவுக்கு வடை வேலை அதிகம், சீனியை மறுபடி அப்பாவே குடித்துப் பார்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். அந்த மாமா வந்து டீ வாங்கினார். ஒரு மடக்கு குடித்தார்.

"மாப்ள, மறுபடியும் பாயாசம் ஆரம்பிச்சிருச்சா? நேத்தே சொல்லணும்னு நெனச்சேன்."

அப்பா, "சீனி கொஞ்சம் கூடிருச்சு, குடிய்யா" என்று சிரித்து மழுப்பினார்.

போனைக் கீழே வைத்தேன். மாமா கையில் இருந்த கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தேன். தொண்டையில் போய் ஒட்டியது. எழுந்து கல்லாவுக்குப் பின்னால் போனேன். சுக்குப் பாட்டில் அங்கேயேதான் இருந்தது. பாதிக்குமேல் காலி. கடையில் ஒரு பாட்டில் வைத்ததை நான் மறந்தே போயிருந்தேன்.

முழு மாத்திரை. ரெண்டு வேளை பொடி. அன்றைக்கு இருந்த அதே கூட்டணி. பத்து நாளாக இந்த மனுஷன் இதைப் போட்டுக்கொண்டு, பால் கேனை மொபெட்டில் கட்டிக்கொண்டு, திண்டுக்கல் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் போய்வந்துகொண்டிருக்கிறார்.

"ஏம்ப்பா இன்னும் போடுற? விடச் சொன்னேன்ல?"

"விட்டேன்த்தா. ஊசிங்கவும் பயமாயிருச்சு. அதான் திரும்ப ஆரம்பிச்சேன். இது போட்டா எறங்குதுல்ல."

"இதுனாலதானப்பா அன்னைக்கு விழுந்த."

அப்பா என்னைக் குழப்பமாகப் பார்த்தார். கோபமே இல்லை. நிஜமாகவே புரியாத பார்வை.

"இதுனாலயா? அந்த மேடம்தான் நேரா கேட்டுச்சே, நாட்டு மருந்து சாப்புடுறாரான்னு. நீ இல்லைன்ன. பொடியில தப்பு இருந்தா நீ சொல்லாம இருப்பியா? அவுகளுக்கு நாட்டு மருந்துன்னாப் புடிக்காது, அதான் சொல்லலை, மத்தபடி ஒண்ணுமில்லைன்னு நெனச்சேன். எனக்கு ஆபத்துன்னா நீ மறைப்பியா தாயி?"

பாய்லர் உஸ்ஸென்று கொதித்துக்கொண்டிருந்தது. மாமா கிளாஸைக் கீழே வைத்தார்.

"என்ன பொடி தாயி அது? சுகருக்கா? எனக்கும் இருக்குல்ல. மாப்ள தாரேன்னான். மெடிக்கல்ல இருக்க பிள்ள சொன்ன மருந்துன்னு."

இதற்குமேல் எங்கே போய் ஒளிவது.

"மாமா, நான் மெடிக்கல்ல இல்ல. கம்ப்யூட்டர்ல நோய்க்கு நம்பர் போடுற வேலை" என்றேன். முதலில் வந்தது அதுதான். அப்புறம் அப்பாவிடம் திரும்பினேன். "பொடிதான்ப்பா காரணம். பொடி கெட்டது இல்ல. ஆனா மாத்திரையோட சேத்துக் குடுக்கக் கூடாது. குடுத்தாலும் டாக்டர்ட்டச் சொல்லி, சுகரப் பாத்து, மாத்திரையக் கொறச்சுத்தான் குடுக்கணும். வாங்குன கடையில பாய் அம்புட்டுத் தெளிவாச் சொன்னாரு. நான் கேக்கலை. அரை ஸ்பூன்னாரு, நான் ரெண்டு ஸ்பூன் குடுத்தேன். அன்னைக்கே எனக்குத் தெரியும். டாக்டர் கேட்டப்ப சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"வெக்கமா?"

"அவுக முன்னாடி சீன் போட்டிருந்தேன்ல."

அப்பா அடுப்பைக் குறைத்தார். துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். நான் அடி வாங்க நிற்கிற மாதிரி நின்றேன். அவர் என்னை ஆறாம் வகுப்புக்கு அப்புறம் அடித்ததே இல்லை.

"வெக்கப்பட்டா சொல்லியிருக்கலாம்ல எங்கிட்டயாச்சும்" என்றார். அவ்வளவுதான்.

மாமா அந்தச் சுக்குப் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நல்லவேள மாப்ள. நான் நாளைக்கு ஆரம்பிக்கலாம்னு இருந்தேன். என்னையத் தூக்க நாலு ஆள் பத்தாது" என்று பாட்டிலை என்னிடம் நீட்டினார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கே கிளினிக்குப் போனோம். டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம். நான் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். முறை வந்ததும் டாக்டர் மேஜையில் வைத்து மூடியைத் திறந்து காட்டினேன். எவ்வளவு, எத்தனை வேளை, எந்த மாசத்திலிருந்து என்று எல்லாம் சொன்னேன். அன்றைக்கு இல்லை என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

டாக்டர் பொடியை விரலில் தொட்டு முகர்ந்தார். கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"அன்னைக்கு நான் யார்ட்ட கேட்டேன்?"

"எங்கிட்ட மேடம்."

"அவர்ட்ட கேக்கலை. அவர் மனைவிகிட்ட கேக்கலை. ஒனக்கு வெவரம் தெரியும்னு ஒன்கிட்ட கேட்டேன். நீ சொன்னத வச்சுத்தான் மாத்திரையக் கொறச்சேன், நீ சொன்னத வச்சுத்தான் திரும்பக் கூட்டுனேன்." பாட்டிலை மூடினார். "சுகர் ஏன் ஏறுச்சுன்னு தெரியாம ஊசி வரைக்கும் பேசிட்டேன்."

நான் நோட்டைக் காட்டினேன். அப்பா சாப்பிடாமல் மாத்திரை போட்டதாக எழுதியிருந்த பக்கம். "அதை மட்டும் அடிச்சிருங்க மேடம். தப்பு அவர் பேர்ல இருக்கு."

டாக்டர் பேனாவை எடுத்தார். அப்பா குறுக்கே விழுந்தார்.

"அடிக்க வேணாம் மேடம். சாப்புடாமப் போட்டதும் நெசந்தான். அது இருக்கட்டும். இதக் கீழ எழுதிக்கங்க."

டாக்டர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அடிக்கவில்லை. கீழே பொடியின் பெயரைத் தமிழிலேயே எழுதி, அளவையும் எழுதினார். பொடியை இப்போதைக்கு நிறுத்தச் சொன்னார். ரெண்டு வாரம் தினமும் சுகர் பார்த்துக் குறித்துவரச் சொன்னார். அதற்கப்புறம் மாத்திரையை முடிவு பண்ணுவோம், பொடி வேண்டும் என்றால் தகுந்த வைத்தியரைப் பார்த்து, ரெண்டு பேருக்கும் தெரிந்து எடுக்கலாம் என்றார். சட்டைப்பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கட்டும் என்றார். எல்லாம் அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அது சரி என்றுதான் பட்டது.

இப்போது அப்பாவின் சட்டைப்பையில் ஆரஞ்சு மிட்டாய் இருக்கிறது. ஊசி வரவில்லை, சாப்பாட்டில் கை வைத்தார்கள், மாத்திரையை மாற்றினார்கள். பால் சட்டியைச் சுவை பார்க்கிற வேலையை விட்டுவிட்டார். ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு மடக்கு சீனி உள்ளே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவின் டம்ளர் அளவு அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. பால் ஒருநாள் கெட்டியாக இருக்கும், ஒருநாள் தண்ணியாக இருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே டம்ளரா என்பார்.

அதனால் லீவு நாளில் நான் கடைக்குப் போனால் என்னிடம்தான் கரண்டியை நீட்டுவார்.

"பாருத்தா, சீனி சரியாருக்கா?"

நான் ஒரு மடக்கு குடிப்பேன். நாக்கில் நிறுத்திப் பார்ப்பேன். போன வாரம், "கொஞ்சம் கம்மிப்பா" என்றேன். அவர் தானும் ஒரு சொட்டு தொட்டுப் பார்த்திருக்கலாம், ஒன்றும் ஆகாது. பார்க்கவில்லை. நான் சொன்னதும் அப்படியே ஒரு கை சீனியை அள்ளிக் கொட்டிக் கலக்கினார்.